நாலு குஞ்சம் வைத்த கம்பளிப்பூச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடித் தோட்டத்தில் ரோஜா வைத்திருப்பவர்கள், வரப்போரம் ஆமணக்கு போட்டிருப்பவர்கள், பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு நடுவே கோகோ வைத்திருப்பவர்கள் என்று பலரும் படம் அனுப்பிக் கேட்கிறார்கள். செடி வேறு வேறாக இருந்தாலும் படத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரே புழு, கேட்பதும் ஒரே சந்தேகங்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. அவசரமாக வந்தவர்கள் நாலாவது கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள். மீதி பதில்களில் பாதி அதிலிருந்துதான் வருகிறது.

1. இது என்ன பூச்சி சார்? ரோஜா இலையில இருக்கு, முதுகுல பல் தேய்க்கிற பிரஷ்ஷை வெட்டி வச்ச மாதிரி நாலு முடிக்கட்டு இருக்கு.

அந்த நாலு கட்டுதான் அடையாளம். இதன் அறிவியல் பெயர் ஓர்கையா போஸ்டிகா. 1855இல் வாக்கர் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் இதை விவரித்துப் பெயர் வைத்தார். இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா, தைவான் வரை பரவியிருக்கும் அந்துப்பூச்சி இது. நீங்கள் பார்ப்பது அதன் புழுப் பருவம். முன்பு இதன் சொந்தங்களை எல்லாம் லைமான்ட்ரிடே என்று தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள். இப்போது எரிபிடே என்ற பெரிய குடும்பத்துக்குள் ஒரு துணைக்குடும்பமாகச் சேர்த்துவிட்டார்கள். பழைய விவசாயப் புத்தகத்தில் வேறு குடும்பப் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம்.

உறுதி செய்ய இன்னும் சில இடங்களைப் பாருங்கள். தலைக்குப் பக்கத்தில் இரண்டு நீளமான கறுப்பு முடிக்கற்றைகள் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். வால் பக்கம் அதேபோல் இன்னொன்று இருக்கும். முதுகில் பின்பகுதியில் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இரண்டு சின்னப் புள்ளிகள் தெரியும். அவை சுரப்பிகள். இந்தக் கூட்டத்துப் புழுக்கள் எல்லாவற்றுக்கும் அவை உண்டு. முதுகுக் குஞ்சங்களின் நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். வெள்ளை, வெளிர் மஞ்சள், பழுப்பு என்று புழுவுக்குப் புழு மாறும்.

2. அப்போ முருங்கை மரத்துல கொத்துக் கொத்தா அப்பிக்கிட்டு இருக்கறதும் இதுதானே?

இல்லை. முருங்கையில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருப்பது யூப்டெரோட்டி மொல்லிஃபெரா. அது வேறு குடும்பம், அதன் பழக்கமும் வேறு. நிலக்கடலையில் மழைக்குப் பிறகு படையெடுக்கும் சிவப்புக் கம்பளிப்பூச்சியும் வேறு. முடி இருப்பதெல்லாம் ஒரே இனம் கிடையாது.

ஆமணக்கில்தான் குழப்பம் அதிகம். அங்கே யூப்ராக்டிஸ் ஃபிராட்டெர்னா என்று இதற்கு நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு. சிவந்த தலை, தலையைச் சுற்றி வெள்ளை முடி, வால் பக்கம் நீளக் கற்றை என்று இருக்கும், ஆனால் நாலு குஞ்சம் இருக்காது. அதன் தாய்ப்பூச்சி மஞ்சள் நிறம், நன்றாகப் பறக்கும். இலைக்கு அடியில் முட்டைக் குவியலை வைத்து மஞ்சள் முடியால் மூடிவிட்டுப் போகும். உடம்பெல்லாம் கிளை விட்ட முள்ளோடு பச்சையாக ஒரு புழு ஆமணக்கில் இருந்தால், அது வளர்ந்து அழகான ஒரு பட்டாம்பூச்சி ஆகக்கூடியது. அதை விட்டுவிடுங்கள். தட்டையாக, பச்சையாக, நத்தை நகர்வதுபோல் நகர்ந்தால் மட்டும் கிட்டவே போகாதீர்கள். அது நத்தைப்புழு. அதன் முள் பட்டால் நெருப்பு சுட்டதுபோல் எரியும்.

3. இது வளர்ந்தா பட்டாம்பூச்சி ஆகுமா? பையன் வளர்க்கணும்னு அடம் பிடிக்கிறான்.

அந்துப்பூச்சி ஆகும். ஆண் என்றால் பழுப்பு நிறத்தில், விரித்த சிறகோடு ஏறக்குறைய ஓர் அங்குலமே இருக்கும், சீப்பு மாதிரி உணர்கொம்பு உள்ள பூச்சி வரும். பெண் என்றால் பையனுக்கு ஏமாற்றம்தான் (அடுத்த பதிலைப் பாருங்கள்). வளர்ப்பதாக இருந்தால் கையால் எடுக்காமல் இலையோடு நறுக்கி, மூடியில் துளை போட்ட டப்பாவில் விடுங்கள். முட்டையிலிருந்து பூச்சி வர ஏறக்குறைய ஒரு மாதம்தான் ஆகும் என்பதால் பாதி வளர்ந்த புழுவை எடுத்தால் சீக்கிரமே கூடு கட்டிவிடும்.

4. கூட்டைப் பிரிச்சுப் பார்த்தேன். சிறகே இல்லாம, குண்டா, அழுக்குக் கலர்ல ஒண்ணு உட்கார்ந்திருக்கு. ஊனமா பொறந்துடுச்சா?

ஊனம் ஏதும் இல்லை. பெண் அப்படித்தான் இருக்கும். சிறகு இருக்க வேண்டிய இடத்தில் பெயருக்குச் சின்னத் துண்டுகள் இருக்கும், அவற்றை வைத்துப் பறக்க முடியாது. வயிறு முழுக்க முட்டை. வளர்ந்த பூச்சி எதையும் சாப்பிடுவதும் இல்லை. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததுதான் கடைசி வரைக்கும்.

அது கூட்டை விட்டு நகர்வதுகூட அபூர்வம். கூட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஒரு வாசனையைக் காற்றில் விடும். அதைப் பிடித்துக்கொண்டு ஆண் தேடி வரும். இணை சேர்ந்ததும் அந்தக் கூட்டின் மேலேயே முட்டைகளை இட்டுவிட்டுச் சில நாளில் செத்துப்போகும். ஒரு பெண்ணின் முட்டைகள் சில நூறு வரை இருக்கும், அத்தனையும் ஒரே இடத்தில்.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பறக்கிற பூச்சியாக இருந்தால் முட்டை எந்தச் செடியில், எந்த இலைக்கு அடியில் இருக்கிறது என்று தேடிக் களைத்துப்போவோம். இங்கே கூட்டைக் கண்டுபிடித்தால் போதும், தாயும் முட்டையும் அங்கேயே இருக்கும். மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்னால் எல்லோரையும் கூடு தேடச் சொல்வது அதனால்தான்.

5. பறக்கவே முடியாதுன்னா எங்க வீட்டு மூணாவது மாடிக்கு எப்படி ஏறுச்சு?

பொரித்து வந்த குட்டிப் புழுக்கள்தான் பயணம் போகும். கிளை நுனியிலிருந்து ஒரு பட்டு இழையில் தொங்கும், காற்று அடிக்கும்போது இழையோடு சேர்ந்து பறக்கும். உடம்பில் எடையே கிடையாது, நீளமான முடிகள் வேறு காற்றில் மிதக்க உதவும். தெருவில் இருக்கும் மாமரத்திலிருந்து உங்கள் மாடிக்கு வருவது அதற்குப் பெரிய தூரம் இல்லை.

இன்னொரு வழி, நாமே விலை கொடுத்து வாங்கி வருவது. நர்சரியில் வாங்கிய ரோஜாத் தொட்டியின் விளிம்புக்கு அடியிலோ, கிளைக் கவட்டிலோ, சுருண்ட இலைக்குள்ளோ ஒரு கூடு இருந்தால் போதும். புதுச் செடியை மற்றவற்றோடு சேர்ப்பதற்கு முன் தொட்டியைத் தலைக்கு மேல் தூக்கி அடிப்பக்கத்தையும் ஒரு முறை பாருங்கள்.

6. என்னென்ன செடி சாப்பிடும்? லிஸ்ட் கொடுத்தீங்கன்னா அதை மட்டும் வைக்காம விட்டுடலாம்.

அப்படி விட ஆரம்பித்தால் தோட்டத்தில் ஒன்றும் மிஞ்சாது. ஆமணக்கு, ரோஜா, மா, இலந்தை, சவுண்டால், பாசிப்பயறு எல்லாம் இதன் உணவு. தோட்டப் பயிரில் கோகோ, தேயிலை, காபி, ரப்பர், லவங்கப்பட்டை தரும் கறுவா மரம். பழ மரங்களில் லிச்சி, ரம்புட்டான், மங்குஸ்தான், துரியன். அதனால்தான் பொள்ளாச்சி கோகோக்காரரும் நீலகிரித் தேயிலைக்காரரும் கன்னியாகுமரி ரப்பர்காரரும் இலங்கையில் கறுவா வைத்திருப்பவரும் ஒரே புழுவைப் பற்றிப் பேச முடிகிறது.

இந்தப் பட்டியலில் உள்ள செடிகளுக்குள் சொந்தம் கிடையாது. ஆமணக்கும் ரப்பரும் ஒரு குடும்பம், சரி. மாவும் ரோஜாவும் பயறும் தேயிலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. பட்டாம்பூச்சிகளில் பல அப்படி இல்லை. கறிவேப்பிலை, எலுமிச்சை என்று ஒரு குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே முட்டை வைக்கும். தாய் பறந்து போய்ச் செடியைத் தேர்ந்தெடுக்க முடிவதால் புழு எல்லாவற்றையும் தின்னப் பழக வேண்டியதில்லை.

இங்கே தாய்க்கு அந்த வசதி இல்லை. காற்று எங்கே கொண்டுபோய்ப் போடுமோ அங்கேதான் குட்டிப் புழு இறங்க வேண்டும். இறங்கிய இடத்தில் இருப்பதைத் தின்னத் தெரியாவிட்டால் பட்டினிதான். சிறகில்லாத தாயும் எதையும் தின்னும் பிள்ளைகளும் ஒன்றாகவே இருப்பதில் அதனால் ஆச்சரியம் இல்லை. இந்தக் கூட்டத்தில் பெண் பறக்காத வேறு இனங்களிலும் இதே கதையைப் பார்க்கலாம். அதற்காக எல்லாச் செடியையும் ஒரே ஆசையோடு தின்னும் என்று அர்த்தம் இல்லை. தளிர் கிடைத்தால் முதலில் தளிர், ரோஜாவில் மொட்டும் இதழும்கூட.

7. ஆமணக்கு விஷச் செடியாச்சே, அதைத் தின்னுட்டு எப்படி உயிரோட இருக்கு?

ஆளைக் கொல்கிற ரிசின் இருப்பது முக்கியமாக விதையில். இலையில் வேறு ஒரு நச்சு உண்டு, ஆனாலும் ஆமணக்கு இலையை விரும்பித் தின்னும் புழுக்கள் ஏராளம். அஸ்ஸாமில் எரி பட்டுப்புழுவை வளர்ப்பதே ஆமணக்கு இலையை வைத்துத்தான். குஞ்சப் புழு அந்தப் பந்தியில் இன்னொரு விருந்தாளி, அவ்வளவுதான்.

8. ஒரே ஒரு தொட்டி மட்டும் மொட்டையா நிக்குது அண்ணா, ஒட்டினாப்ல இருக்கற தொட்டியில ஒரு ஓட்டைகூட இல்ல. அந்தச் செடிக்கு ஏதாவது நோயா?

நோய் இல்லை. அந்தத் தொட்டியில் போன மாதம் ஒரு கூடு இருந்திருக்கும். முட்டை எல்லாம் ஒரே இடத்தில் என்று நாலாவது பதிலில் சொன்னேன் இல்லையா? காற்றில் போகாமல் தங்கிவிட்ட புழுக்கள் அந்தச் செடியையே தின்று தீர்க்கும். தீர்ந்த பிறகுதான் பக்கத்துக்கு நடக்கும். அதனால் மொட்டையான செடியைச் சுற்றியுள்ளவற்றை இப்போதே பாருங்கள். இலை அடிப்பக்கம் சுரண்டியதுபோல் சல்லடையாக இருந்தால் இளம் புழு வந்துவிட்டது என்று அர்த்தம். விளிம்பிலிருந்து பெரிதாகக் கடித்திருந்தால் வளர்ந்த புழு.

அதே செடியில் மறுபடி மறுபடி வருகிறது என்று சொல்பவர்களும் இதே பதிலைப் படித்துக்கொள்ளலாம். புழுவைப் பொறுக்கினார்கள், கூட்டை விட்டுவிட்டார்கள்.

9. மொட்டையாகிட்ட செடி பிழைக்குமா?

வேர் பிடித்த ரோஜா, மா, ஆமணக்கு எல்லாம் மறுபடி துளிர்த்துவிடும். தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள், இலை இல்லாத செடி அதிகம் குடிக்காது. கவலைப்பட வேண்டியது நாற்றுகளுக்குத்தான். கோகோ நாற்று, புதிதாக வைத்த மா ஒட்டுக்கன்று, பயறுச் செடி போன்றவற்றுக்குச் சேமிப்பு கிடையாது. தளிர் போனால் வளர்ச்சி நின்றுவிடும், சில நேரம் செத்தும் போகும்.

10. குழந்தை கையால பிடிச்சுட்டான், கை தடிச்சுப் போச்சு. பாட்டி வேப்பிலை வச்சுத் தேய்க்கச் சொல்றாங்க, தேய்க்கலாமா?

எதை வைத்தும் தேய்க்க வேண்டாம். வேப்பிலை, மஞ்சள், திருநீறு எதுவானாலும் சரி, தேய்த்தால் தோலில் குத்தி நிற்கும் சுணை உடைந்து இன்னும் உள்ளே போகும். முதலில் செல்லோடேப்பை அந்த இடத்தில் ஒட்டி மெதுவாக உரித்தெடுங்கள். ஒவ்வொரு முறையும் புது டேப் போட்டு இரண்டு மூன்று தடவை செய்தால் சுணை டேப்போடு வந்துவிடும். அப்புறம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். அரிப்புக்குக் கேலமைன் தடவலாம். பாட்டி கோபித்துக்கொண்டால் வேப்பிலையைத் தண்ணீரில் போட்டுக் கழுவிவிடுங்கள், இரண்டு பேருக்கும் சமாதானம்.

இந்தப் புழுவின் முடி பெரும்பாலானவர்களுக்கு அரிப்பு, தடிப்போடு நின்றுவிடும். சொந்தக்காரனான யூப்ராக்டிஸ் வகையின் சுணை இன்னும் மோசம். எந்தப் புழுவாக இருந்தாலும் மூச்சு வாங்கினாலோ, முகமோ உதடோ வீங்கினாலோ வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். முடி கண்ணுக்குள் தங்கிவிட வாய்ப்பு உண்டு.

11. நான் தொடவே இல்ல, செடிகிட்ட போனாலே அரிக்குது. மனப் பிரமைன்னு வீட்டுக்காரர் சொல்றார்.

பிரமை இல்லை. புழு தோல் உரிக்கும்போது பழைய முடி அந்தத் தோலோடு இலையில் கிடக்கும். கூடு கட்டும்போது தன் முடியையே பட்டோடு சேர்த்துப் பின்னிக்கொள்ளும். காய்ந்த கூட்டைத் துடைப்பத்தால் தட்டினால் எல்லாம் பறக்கும். புழு போய் ரொம்ப நாள் ஆன பிறகும் அரிக்க இதுதான் காரணம். முழுக்கைச் சட்டை, கையுறை போட்டுக்கொண்டு செடியை முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு வேலை செய்யுங்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

12. சரி, மருந்து என்ன அடிக்கறது? அதை மட்டும் சொல்லுங்க போதும்.

தொட்டிச் செடிக்கு மருந்தே வேண்டாம் என்பது என் கட்சி. இடுக்கியால் புழுவையும் கூட்டையும் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கூடு இருக்கும் இடம்: இலை மடிப்பு, கிளைக் கவடு, தொட்டி விளிம்பு, சுவர் மூலை, தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால். வாரம் ஒரு தடவை இந்த இடங்களைப் பார்த்தாலே கூட்டம் பெருகாது.

பொறுக்க முடியாத அளவுக்குச் செடிகள் இருந்தால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல். அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பு, இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டிக் கொஞ்சம் சோப்புச் சேர்த்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். கடையில் பிடி என்று கேட்டு வாங்கும் பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் பாக்டீரியா மருந்தும் நல்லது, அளவு பாக்கெட்டில் இருக்கும். புழு அதைத் தின்றால்தான் வேலை செய்யும். இரண்டுமே சின்னப் புழுவுக்குத்தான் நன்றாக வேலை செய்யும். பெரிதாக வளர்ந்ததற்கு மருந்தை நம்பாதீர்கள், அதைப் பொறுக்குவதுதான் வழி. கூட்டுக்குள் இருப்பதற்கும் இவை உதவாது. கடும் ரசாயன மருந்தை நான் சொல்லாததற்குக் காரணம் அடுத்த பதிலில்.

13. ஒரு புழு மேல வெள்ளையா குட்டிக் குட்டியா என்னமோ ஒட்டியிருக்கு. முட்டை போட்டுடுச்சா?

புழு முட்டை போடாது, பூச்சிதான் போடும். நீங்கள் பார்த்தது அதன் எதிரியை. டாக்கினிட் ஈக்கள் புழுவின் உடம்பில் முட்டை ஒட்டிவிட்டுப் போகும். பொரித்தது உள்ளே நுழைந்து புழுவைத் தின்னும். சின்னஞ்சிறு குளவிகள் உடம்புக்குள்ளேயே முட்டை வைக்கும், அவற்றின் குட்டிகள் வெளியே வந்து வெள்ளைக் கூடுகள் கட்டும். முட்டையைத் தாக்கும் குளவிகளும் உண்டு. கூட்டமாக இருந்த புழுக்கள் திடீரென்று தலைகீழாகத் தொங்கிச் சாறாக உருகிப் போனால் அது வைரஸ் நோய். இவை எல்லாம் சேர்ந்துதான் வருடா வருடம் இதை அடக்கி வைக்கின்றன. கடும் மருந்து அடித்தால் முதலில் சாவது இந்த ஈயும் குளவியும்தான், புழு சீக்கிரம் திரும்பி வந்துவிடும். அப்படி வெள்ளை ஒட்டிய புழுவைச் செடியிலேயே விட்டுவிடுங்கள். அது கூடு கட்டுவது சந்தேகம்தான்.

14. காக்கா குருவி எதுவும் இதைத் தின்னாதா?

முடிக்குப் பயந்து பல பறவைகள் ஒதுங்கும். குயில் இனங்களுக்கு அந்தப் பயம் இல்லை. சுடலைக்குயிலுக்குக் கம்பளிப்பூச்சி பிடித்த சாப்பாடு.

15. விளக்குப்பொறி வச்சா பிடிச்சுடலாமா? யூடியூப்ல காட்டினாங்க.

விளக்குக்கு வருவது ஆண் மட்டும். பறக்காத பெண் எப்படி வரும்? ஓர் ஆண் பல பெண்களோடு சேர முடியும் என்பதால் சில ஆண்களைப் பிடித்து முட்டையைக் குறைத்துவிட முடியாது. பூச்சி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வைக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்த்துப் பணம் போடாதீர்கள்.

16. நீங்க சொன்னீங்கன்னு ஒரு கூட்டை டப்பாவில வச்சேன். பொண்ணு வெளிய வந்துடுச்சு, ஆனா டப்பாவைச் சுத்திப் பழுப்புப் பூச்சியா பறக்குது. எங்கிருந்து வந்துச்சு? இப்போ முட்டை பொரிக்குமா?

டப்பா மூடியில் துளை இருக்கிறது, வாசனை அதன் வழியாகப் போயிருக்கிறது. அக்கம் பக்கத்துத் தோட்டங்களில் இருந்த ஆண்கள் வந்துவிட்டன. உங்கள் தெருவில் இந்தப் பூச்சி எவ்வளவு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டாம்.

ஆண் உள்ளே நுழைய முடியாத அளவுக்குத் துளை சின்னதாக இருந்தால் பயமில்லை. இணை சேராத பெண்ணும் முட்டை இடும், ஆனால் பொதுவாக அது பொரிக்காது. செடியிலிருந்து கூட்டை எடுக்கும்போதே அதன் மேல் முட்டை இருந்தால் கதை வேறு. அது இணை சேர்ந்த பெண்ணுடையதாக இருக்கும், டப்பாவே வேண்டாம், நேராகச் சோப்புத் தண்ணீர். முட்டை இல்லாத கூட்டைச் சோப்புத் தண்ணீரில் போடாமல் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டால், டப்பாவில் போட்டுச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். அதிலிருந்து பதிமூன்றாவது பதிலில் சொன்ன ஈயோ குளவியோ வந்தால் மூடியைத் திறந்து விடுங்கள், பெண் வந்தால் சோப்புத் தண்ணீர். பையன் வளர்க்க ஆசைப்பட்ட ஆண் பூச்சி வந்தால் அவனிடம் காட்டிவிட்டு விடலாம், அது ஒன்று போவதால் தோட்டத்துக்குப் பெரிய நஷ்டம் வராது.